ஒருவரும் இருமுறை எண்ணப்படாமலும் ஒருவரும் விடுபடாமலும்: மீரியபெத்தப் பெயர்ப்பட்டியலும் கணனித் தொடையும்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை ஏன் செயலாகவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது. இக்கட்டுரை அன்றைய அவலத்தின் வேறொரு கூற்றை எடுத்துக்கொள்கிறது. அது எண்ணிக்கை பற்றியது.

அனர்த்தம் நிகழ்ந்த முதல் நாட்களில், காணாமற் போனோர் தொகை நூறு என்றும், இருநூற்றை நெருங்கியது என்றும், முந்நூறு என்றும் செய்திகள் வெளிவந்தன. பின்னர் அத்தொகை நூற்றுக்குக் கீழே இறங்கியது. அதன்பின் மேலும் குறைந்தது. குடியிருப்பாளரின் விவரங்களைக் கொண்ட கிராமப் பதிவேடுகளும் மண்ணுள் மறைந்தன எனச் செய்திகள் கூறின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர்தப்பினர். எஞ்சியோர் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த பாடசாலைகளிலே தங்கவைக்கப்பட்டனர். பல இடங்களிற் பலர் வாய்மொழியாகத் தரும் பெயர்களிலிருந்து ஒரு பட்டியலை ஆக்கவேண்டிய நிலையில், இரு வினாக்கள் எழுவது இயல்பே. ஒருவரே இருமுறை எழுதப்பட்டுள்ளாரா? இருவர் ஒருவராகக் கொள்ளப்பட்டுவிட்டனரா?

இவ்வினாக்கள் கணனிச் செய்நிரலாக்கத்தின் அடிப்படை வினாக்களுமாம். பொருள்களைத் திரட்டி வைக்கும் ஒரு தொகுதியில் ஒரே பொருள் இருமுறை புகாதவாறு காப்பது எங்ஙனம் என்பது, செய்நிரல் எழுதப் பழகும் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சிக்கல். அதனைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் கற்பிப்பது வழக்கம். ஆனால், ‘ஒன்று’ என எதனைக் கொள்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் அதற்குத் தீர்வு காணவியலாது. அம்முடிவு மனிதரைப் பற்றியதாக அமையும்போது, அது சமூகவியல் முடிவாகவும் ஆகிவிடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு எடுத்தாளப்படும் பெயர்கள் யாவும் விளக்கத்துக்காகக் கற்பிக்கப்பட்டவை. அன்று இறந்தோரில் எவரையும் அவை சுட்டுவன அல்ல.

1. இருவகைத் திரிசொல்லும் இருவகைப் பிழையும்

திரிசொல்லைத் தொல்காப்பியர் இரு வகையாகக் கண்டார். ஒரே பொருளைக் குறிக்கும் வெவ்வேறு சொற்கள் ஒரு வகை; வெவ்வேறு பொருள்களைக் குறிக்கும் ஒரே சொல் மற்றொரு வகை. பெயர்ப்பட்டியலில் எழும் சிக்கல்களும் இவ்விரண்டே. லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி என மூன்று இடங்களில் எழுதப்பட்டவர் ஒருவராகவே இருக்கலாம். மறுபுறம், ஒரே தோட்டத்தில் ‘செல்வி’ என்ற பெயருடன் இருவர் வாழ்ந்திருக்கலாம். முன்னதைக் கவனியாவிடில் தொகை பெருகும். பின்னதைக் கவனியாவிடில் ஓர் உயிர் பட்டியலிலிருந்து மறையும். இரட்டிப்பை நீக்கும் எந்த முறையும் இவ்விரு பிழைகளுக்கும் இடையிலேயே இயங்குகிறது.

2. பட்டியலும் தொடையும்

கணிதத்தில் ‘தொடை’ என நாம் பாடசாலையிற் கற்பது, ஒரு மூலகத்தை ஒருமுறை மட்டுமே கொள்வது. ஒரு மூலகம் தொடையில் உள்ளதா, இல்லையா என்பது மட்டுமே அங்கு வினா. எத்தனை முறை உள்ளது என்ற வினாவுக்கு இடமில்லை. பட்டியல் அவ்வாறானதன்று. தரப்பட்ட ஒழுங்கில், தரப்பட்டவை அனைத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆகவே இரட்டிப்பைத் தவிர்க்க விரும்பும் செய்நிரலாளர் பட்டியலை விடுத்துத் தொடையை நாடுகிறார். ஜாவா மொழியின் ‘ஹாஷ்செற்’, பைதன் மொழியின் ‘செற்’ என்பன இத்தகையன.

தொடை தன் வேலையைச் செய்யும் முறை அறியத்தக்கது. எளிய வழி, புதிதாக வரும் ஒவ்வொரு பதிவையும் முன்னுள்ள எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிடுவதாகும். 330 பதிவுகளாயின் 54,285 ஒப்பீடுகள் தேவைப்படும். இதனைக் கணனி நொடிப்பொழுதில் முடித்துவிடும். ஆனால் ஓர் இலட்சம் பதிவுகளாயின் ஒப்பீடுகள் ஏறத்தாழ 500 கோடியாகும். பதிவுகள் பத்து மடங்காயின் உழைப்பு நூறு மடங்காகும் என்பதே இதன் குறைபாடு.

இதனைத் தவிர்க்கும் உத்தியை ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் 1953 இல் ஓர் உள்ளகக் குறிப்பில் முன்வைத்தார். இன்று அது ‘ஹாஷ்’ முறை எனப்படுகிறது. தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு அதனைப் பின்வருமாறு விளக்கலாம். ஒரு பிள்ளை லயனில் உள்ளதா என அறிய ஒவ்வொரு காம்பராக் கதவையும் தட்டவேண்டியதில்லை. பிள்ளையின் பெயரைக் கொண்டே காம்பரா எண்ணைக் கணிக்க ஒரு விதி இருக்குமாயின், அந்த ஒரு கதவைத் தட்டினாற் போதும். பதிவின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைத் தரும் சார்பே ஹாஷ் சார்பு. அவ்வெண் சுட்டும் அறையை மட்டும் செய்நிரல் பார்க்கிறது.

வேறுபட்ட இரு பதிவுகளுக்கு ஒரே எண் கிடைப்பதும் உண்டு. இது அரிதன்று. 23 பேர் கூடிய ஓர் அறையில் இருவரேனும் ஒரே நாளிற் பிறந்தவராயிருக்கும் வாய்ப்பு அரைப்பங்கினும் அதிகம் என்பது நிகழ்தகவுக் கணிதத்தில் அறியப்பட்ட உண்மை. அதுபோலவே ஹாஷ் எண்களும் மோதிக்கொள்கின்றன. ஆதலின், ஒரே அறையில் இருப்பதாற் பதிவுகள் இரண்டும் ஒன்றென முடிவு செய்யலாகாது. அறையுள் இருப்பவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். ஹாஷ் எண் எங்கே தேடுவது என்பதை மட்டுமே கூறும். சமமா என்பதை வேறொரு விதியே கூறும்.

3. ‘சமம்’ என்பதை வரையறுப்பவர் யார்?

இவ்விடத்திற்றான் தொடக்க மாணவர் பலர் இடறுகின்றனர். ஓர் ஆளைக் குறிக்கும் பொருளை ஜாவாவிலோ பைதனிலோ ஆக்கி, அதே விவரங்களுடன் மற்றொன்றையும் ஆக்கித் தொடையில் இட்டால், தொடை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். செய்நிரலாளர் வேறு கூறாதவரை, ‘ஒன்று’ என்பதற்கு அம்மொழிகள் கொள்ளும் பொருள், நினைவகத்தில் உள்ள அதே பொருள் என்பதே. வேறொரு தருணத்தில் ஆக்கப்பட்டது வேறொரு பொருளே. கொஸ்லந்தைப் பாடசாலையில் ஒரு தொண்டர் எழுதிய தாளும், பூனாகலைப் பாடசாலையில் மற்றொருவர் எழுதிய தாளும், ஒரே பெயரைத் தாங்கினும் இரு தாள்களே அல்லவா? கணனி அத்தாள்களைக் காண்கிறது. தாள்களுக்குப் பின்னால் உள்ள ஆளைக் காண்பதில்லை.

ஆகவே, எப்பண்புகள் ஒத்திருந்தால் இரு பதிவுகளும் ஒருவரையே குறிக்கும் என்பதைச் செய்நிரலாளரே வரையறுத்தல் வேண்டும். ஜாவாவில் ‘ஈகுவல்ஸ்’ என்னும் செயலும் ‘ஹாஷ்கோட்’ என்னும் செயலும் இதற்கெனவே உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் உடன்படிக்கை உண்டு: சமமான இரு பொருள்கள் ஒரே ஹாஷ் எண்ணைத் தரவேண்டும். ஒரே எண்ணைத் தரும் இரு பொருள்கள் சமமாயிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. முன்னது மீறப்படின், சமமான இரு பதிவுகள் வெவ்வேறு அறைகளிற் போய்ச் சேரும். நேருக்கு நேர் ஒப்பிடப்படும் வாய்ப்பே அவற்றுக்குக் கிட்டாது. சமத்தை மட்டும் வரையறுத்து ஹாஷ் எண்ணை மறந்த பொருளைப் பைதன் தொடையிற் சேர்க்க மறுத்துவிடும். ஜாவா மறுப்பதில்லை. எவ்விதப் பிழைச்செய்தியுமின்றி இரட்டிப்பு உள்ளே தங்கிவிடும்.

சமம் என்னும் தொடர்புக்கு வேறு நிபந்தனைகளும் உள. ஒன்று தனக்குத் தான் சமமாதல் வேண்டும். அ என்பது ஆ என்பதற்குச் சமமாயின், ஆ என்பதும் அ என்பதற்குச் சமமாதல் வேண்டும். அ, ஆவுக்கும், ஆ, இக்கும் சமமாயின், அ, இக்கும் சமமாதல் வேண்டும். இம்மூன்றாம் நிபந்தனை முக்கியமானது. ‘ஓரெழுத்து மட்டும் வேறுபடும் பெயர்களை ஒன்றெனக் கொள்க’ என்ற விதியை ஒருவர் அமைப்பதாகக் கொள்வோம். செல்வன் என்பதும் செல்வம் என்பதும் ஓரெழுத்தில் வேறுபடுவன. செல்வம் என்பதும் செல்லம் என்பதும் அவ்வாறே. ஆனால் செல்வன், செல்லம் என்பன ஈரெழுத்தில் வேறுபடுகின்றன. விதியைச் சங்கிலியாகத் தொடர்ந்தால் தொடர்பற்ற மூவர் ஒருவராகிவிடுவர். ஒத்திருத்தல் வேறு, ஒன்றாயிருத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். ஒப்புமையைத் தொடையின் சமவிதியாக ஆக்கலாகாது.

4. மாறும் பண்பினால் விளையும் கேடு

மற்றொரு பிழை நுண்மையானது. பாடசாலைக்குச் சென்றிருந்த ஒரு சிறுவனை, அவன் சென்றது அறியாத உறவினர் ‘காணாமற் போனவன்’ எனப் பதிவு செய்வதாகக் கொள்வோம். அப்பதிவின் ஹாஷ் எண்ணைக் கணிக்கும்போது பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு என்பவற்றோடு ‘நிலை’ என்னும் பண்பையும் செய்நிரல் சேர்த்துக்கொண்டுள்ளது. மாலையில் அவன் முகாமில் இருப்பது தெரியவர, பதிவின் நிலை ‘பாதுகாப்பாக உள்ளான்’ என மாற்றப்படுகிறது. இப்பொழுது அப்பதிவின் ஹாஷ் எண் வேறு; ஆனால் அது பழைய அறையிலேயே கிடக்கிறது. ‘இச்சிறுவன் தொடையில் உள்ளானா?’ என வினவினால், செய்நிரல் புதிய அறையைப் பார்த்து ‘இல்லை’ என்கிறது. இல்லையெனவே மீண்டும் சேர்க்கப்படுகிறான். தொடையில் ஒரே சிறுவன் இருமுறை இடம்பெறுகிறான். நிலையை மாற்றாது புதிய தாளொன்றை எழுதியிருந்தாலோ, ஒரே சிறுவன் மண்ணிலும் முகாமிலும் ஒருங்கே இருப்பவனாகக் கணக்கிற் காட்சி தருவான்.

இதிலிருந்து பெறப்படும் விதி தெளிவானது. ஒருவரை இவர் எனச் சுட்டப் பயன்படுத்தும் பண்புகள் மாறாதவையாக இருத்தல் வேண்டும். மாறுவனவற்றை அவற்றுக்கு வெளியே வைத்தல் வேண்டும். அதாவது ‘ஆள்’ ஒரு சாவியாகவும், அவருடைய நிலை அச்சாவியோடு இணைக்கப்பட்ட குறிப்பாகவும் அமைதல் தகும். இவ்வமைப்புக்கு வேறொரு நன்மையும் உண்டு. தொடை, இரண்டாவதாக வரும் பதிவை அப்படியே எறிந்துவிடும். ஆனால் அந்த இரண்டாம் பதிவிலே, ‘காலையிற் பாடசாலைப் பாதையிற் கண்டேன்’ என்ற சாட்சியம் இருந்திருக்கலாம். ஆகவே இரட்டிப்பை எறிதல் முறையன்று. உரிய சாவியின் கீழ்ச் சேர்த்தலே முறை.

5. எழுத்தும் ஒலியும்

பெயர் மாறாத பண்பு என எண்ணத் தோன்றும். கணனியில் அது அத்துணை உறுதியானதன்று. கொஸ்லந்தை என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிக்கோட் முறையில் ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரு குறியெண்களாற் சேமிக்கலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்று குறியெண்களாலும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் நேரடியாக ஒப்பிடும் செய்நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். யூனிக்கோட்டின் இயல்பாக்க விதியைப் பயன்படுத்தி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். அவ்விதியும் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதாது, எகரக் குறியும் ளகர எழுத்துமாகத் தட்டெழுதுவோர் பலர். பார்வைக்கு ஒன்றாயினும் இவ்விரண்டையும் இயல்பாக்க விதி ஒன்றாக்காது. தமிழறிந்தவரே அதற்கெனத் தனி விதி எழுதவேண்டும்.

ஒலியொப்புமையைக் கொண்டு பெயர்களைச் சேர்க்கும் முயற்சி பழையது. அமெரிக்காவில் றொபர்ட் ரசல் என்பார் 1918 இல் உரிமம் பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ முறை, ஆங்கிலப் பெயரொன்றை அதன் முதலெழுத்தும் மூன்று இலக்கங்களுமாகச் சுருக்குவது. தோட்ட நிர்வாகத்தின் பதிவுகள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே இருந்தமையால் இம்முறையை நம் பெயர்களில் இட்டுப் பார்ப்பது பயனுடையது. மலையகத்தில் ‘லெட்சுமி’ என வழங்கும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கப்படி கணித்தால் ‘எல் 325’ வருகிறது. ‘லக்ஷ்மி’ எனும் வடிவுக்கோ ‘எல் 250’. ஒருவரே இருவராகிறார். மாறாக, ‘செல்வி’ என்னும் தமிழ்ப் பெயரும் ‘சில்வா’ என்னும் குடும்பப் பெயரும் ‘எஸ் 410’ என்ற ஒரே குறியைப் பெறுகின்றன. முற்றிலும் வேறானோர் ஒருவராகின்றனர். வள்ளி, வல்லி என்ற இரண்டும் ஆங்கில எழுத்திற் புகுந்தவுடனேயே வேறுபாடிழந்துவிடுவதையும் நோக்குக. ஒரு மொழியின் ஒலியமைதிக்கென ஆக்கப்பட்ட விதி மற்றொரு மொழியின் மக்களை எண்ணப் பயன்படாது.

6. எண் என்னும் சாவி

‘பெயரை விடுத்து ஆளுக்கோர் எண் வழங்கினாற் சிக்கல் தீரும்’ என்பது அடுத்து எழும் எண்ணம். இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ்த் தேசிய அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. பழைய எண் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும் அதில் அடங்கும். பெண்களுக்கு அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் எண் பன்னிரண்டு இலக்கங்களையுடையது. ஆகவே ஒருவரின் எண்ணே இரு வடிவங்களில் வரலாம். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

ஆனால் உண்மையான தடை இதுவன்று. அட்டை பெறும் வயதை எய்தாத பிள்ளைகளுக்கு எண் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரின் பிரச்சினை, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் கடந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை இழுபட்டது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதோர் தோட்டங்களிற் பலராயிருந்தமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம். முகவரியும் துணை செய்யாது. நகரவாசிக்கு வீட்டிலக்கம் உண்டு. லயனில் வாழ்வோர் பலருக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. அனைவர்க்கும் பொதுவான பண்பு எவரையும் வேறுபடுத்தாது.

தோட்டத் தொழிலாளர் என்றுமே எண்ணப்படாதவர் அல்லர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. கங்காணி காலத்தில், 1921 இல் ஒழிக்கப்படும் வரை, ‘துண்டு’ என்ற சீட்டு அவர்தம் கடனைக் கணக்கிட்டது. ‘செக்ரோல்’ அவர்தம் வேலை நாளைக் கணக்கிட்டது. பிரட்டுக் களத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாளின் உழைப்புக்கு அலகாயிற்று. இவையெல்லாம் உழைப்பையும் கடனையும் எண்ணுவதற்கென அமைந்த சாவிகள். பேர் பதியாத முதியோரும் குழந்தைகளும் அவற்றில் இல்லை. எதை எண்ணுவதற்காக ஒரு பதிவேடு ஆக்கப்பட்டதோ, அதை மட்டுமே அதனால் எண்ணமுடியும். மனிதரை எண்ணவேண்டிய நாளில் உழைப்பின் பதிவேடு போதாது.

7. இரு பிழைகளின் எடை

தனித்த சாவி இல்லாதவிடத்துப் பதிவுகளை இணைக்கும் கலை, புள்ளிவிவரவியலில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஹல்பேட் டன் 1946 இல் அதற்குப் பெயரிட்டு எழுதினார். கனடாவில் ஹவாட் நியூகோம்பும் அவருடன் பணியாற்றியோரும் 1959 இல் கணனி கொண்டு பிறப்பு, திருமணப் பதிவுகளை இணைத்துக் காட்டினர். 1969 இல் ஐவன் ஃபெலிகியும் அலன் சண்டரும் அதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தனர். அவர்களது முறையில் முடிவுகள் மூன்று: ஒருவரே; ஒருவரல்லர்; இருக்கலாம். மூன்றாம் வகையை இயந்திரம் தீர்ப்பதில்லை. மனிதர் ஆராய்ந்து தீர்க்கும்படி அது ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு பண்பும் தரும் சான்று வேறுபட்ட எடையுடையது என்பதும் அவர்கள் கோட்பாட்டின் கூறு. அரிய பெயர் ஒத்திருப்பது வலிய சான்று. பலர் சூடிய பெயர் ஒத்திருப்பது மெலிந்த சான்று.

எல்லைகளை எங்கே இடுவது என்பது, எப்பிழை கொடியது என்பதைப் பொறுத்தது. சந்தாதாரர் பட்டியலில் ஒருவரை இருமுறை எழுதினால் ஓரிதழ் வீணாகும், அவ்வளவே. காணாமற் போனோர் பட்டியலில் இரு செல்விகளை ஒருவராக்கினால், ஒரு செல்வியைத் தேடுவது நிறுத்தப்படும். அவள் குடும்பத்துக்குரிய உதவியும் நிற்கும். இரட்டிப்பை விட்டுவைப்பதும் தீங்கற்றதன்று. பெருகிய தொகை பின்னர்ச் சுருங்கும்போது, ‘மிகைப்படுத்தினர்’ என்ற ஐயம் எழும். அவ்வையத்தின் சுமை, பெயர் தந்த எளியோர்மீதே விழும். எனினும் முன்னைய பிழை திருத்த இயலாதது, பின்னையது திருத்தக்கூடியது. ஆதலின் இத்தகைய பட்டியலில், உறுதியான சான்றின்றி இருவரை ஒருவராக்கும் உரிமையைச் செய்நிரலுக்கு அளித்தலாகாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படும் அமைப்பு ஈரடுக்கானது. கீழடுக்கில் முறையீடுகள்: யார், எங்கே, எப்போது, எவரைப் பற்றிக் கூறினர் என்பன. இவற்றுள் எதுவும் அழிக்கப்படுவதில்லை. மேலடுக்கில் ஆட்கள்: முறையீடுகளை மாறாத பண்புகளின் துணையாலும், ஐயமுள்ளவிடத்து மனித ஆய்வாலும் இணைத்துப் பெறப்படுவோர். இணைப்பு ஒவ்வொன்றும் காரணத்துடன் எழுதப்பட்டு, பிழையெனக் காணின் பிரிக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். முறையீடுகளின் தொகை வேறு, ஆட்களின் தொகை வேறு. அவ்விரண்டையும், தீர்க்கப்படாதவற்றின் தொகையையும் தனித்தனியே வெளியிட்டால், எண் குறைவது மறைப்பு எனவோ, எண் கூடுவது மிகை எனவோ கொள்ளப்படாது.

தொடை எனும் கருவி செய்நிரலாளருக்கு எளிதாகக் கிட்டுகிறது. இரட்டிப்பை நீக்குக என ஒரு வரியில் ஆணையிடலாம். ஆனால் அவ்வரியை எழுதுமுன், இங்கு ‘ஒன்று’ என்பது எது, அதனை வரையறுக்கும் பண்புகள் எவரெவரிடம் உள்ளன, எவரிடம் இல்லை எனக் கேட்டல் வேண்டும். மீரியபெத்த லயன்களில் வாழ்ந்தோர்க்குத் தம் அயலார் யார், எத்தனை பேர் என்பதில் ஐயமே இருந்திராது. பெயர், வீடு, உறவு என அவர்கள் ஒருவரையொருவர் அறிந்த அறிவு, எந்தப் பதிவேட்டிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கவில்லை. அவ்வறிவைச் சரிவு நிகழ்வதற்கு முன்பே, அம்மக்களின் கைகளாலேயே, அவர்கள் மொழியிலேயே எழுதி, மலையடிவாரத்துக்கு வெளியேயும் ஒரு படி வைத்திருப்பதைவிடச் சிறந்த செய்நிரல் வேறில்லை.